எஞ்சின் கோளாறு, இரண்டு மணி நேரம்

ரசீதில் இப்படித்தான் இருந்தது:
மோட்டார் லாஞ்சி ஒன்று, நீளம் முப்பத்தெட்டு அடி,
நங்கூரம் இரண்டு, ஊதுவிளக்கு ஒன்று,
டிரைவர் ஒருவன்.
ஊதுவிளக்குக்குக் கீழே இருந்தவன் நான்.

மீரா லெப்பை மரைக்காயர் கையெழுத்துப் போட்டார்.
மகள் பேர் வைத்த லாஞ்சி, மெஹருன்னிசா.
உப்பனாற்றங்கரையில் ஏற்றி நிறுத்தி
மூன்றே நாளில் சாம்பல் நிறம் அடித்தார்கள்.
பேரின் மேல் இரண்டு பூச்சு, அதன் மேல் ஒரு நம்பர்.
சாய்ந்த வெயிலில் மட்டும் எழுத்துகள் புடைத்துத் தெரியும்,
பவுடருக்கு அடியில் அம்மைத் தழும்பு போல.

போன மாதம் வரை
மல்லாட்டை மூட்டைத் தோணிகளைக் கப்பலுக்கு இழுத்துப் போனவள்.
இப்போது அணியத்தில் ஒரு லூயிஸ் துப்பாக்கி.
அதைப் பிடிக்க ஜீலம் நதிக்கரைக்காரன் குல்சார் கான்.
கடலைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது,
இன்னும் நம்பவில்லை அதை.
முகத்துவாரம் தாண்டுமுன்பே வாந்தி.
அடித்தண்ணீரில் மல்லாட்டை எண்ணெய் மணக்கும்.
சண்டைக்குப் போகிற படகா இது, பலகாரக் கடையா என்று
ஜாடையில் கேட்டுச் சிரிப்பான்,
சிரித்தபடியே மறுபடி குனிவான்.

எதிரி வரவேயில்லை.
தெற்கே பரங்கிப்பேட்டை, வடக்கே பிரெஞ்சுக்காரன் எல்லை,
போய்ப் போய் வந்தோம்.
கலங்கரை விளக்கை அணைத்த கரை
சாம்பல் வாரிய அடுப்பாகக் கிடந்தது.
ஒரு முறை திமிங்கிலத்தைச் சுட்டோம். தப்பித்தது.
ஒரு முறை மிதந்து வந்த பீப்பாயை. மூழ்கியது.
ஹாலோரன் துரை அதைக் குறித்துக்கொண்டார்.

மாசி மாதம், தேய்பிறை.
இருட்டிய பின் கடலில் எது இருந்தாலும்
கூப்பிடு, பதில் இல்லையேல் சுடு.
தேவனாம்பட்டினத்துக்குக் கிழக்கே, எட்டுப் பாகத் தண்ணீரில்
கறுப்பாக ஒன்று.
துரை கூப்பிட்டார், இங்கிலீஷில்.
எஞ்சின் குழியிலிருந்து தலையை நீட்டினேன்.

கட்டுமரம். ஒருத்தன் நின்று துடுப்பு வலிக்கிறான்,
இடப் பக்கமே, உடம்பு கோணி.
மூன்று வருஷம் முன்பு
இதே லாஞ்சியின் இழுவைக் கயிறு அறுந்து
அடித்து ஒடித்த வலத் தோள்.
என் மச்சான் அஞ்சாப்புலி.
புதுச்சேரியிலிருந்து மண்ணெண்ணெய் டின் வருகிறது;
அதில் பாதி என் வீட்டுக்கு.

அணியத்தில் இரும்பு நகரும் சத்தம்.
எண்ணெய்த் திருகை மூடினேன்.

நாலு முறை இருமினாள்.
அப்புறம் அத்தனை பெரிய அமைதி.
அலை எங்களைச் சுற்றித் திருப்பியது,
துப்பாக்கி பர்மாவைப் பார்த்து நின்றது.
இருட்டில் துடுப்பு மட்டும்
சளப், சளப், அவசரமாய்க் கரைப்பக்கம்.

எஞ்சின் தலையைச் சுட வைக்கணும் துரை,
ஊதுவிளக்கைக் கொளுத்தட்டுமா?
வெளிச்சம் கூடாதென்பது உங்கள் உத்தரவாச்சே.
துரை யோசித்தார்.
யோசிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
குல்சார் கான் என்னையே பார்த்தான், வெகுநேரம்.
அன்றைக்கு மட்டும் அவன் வாந்தி எடுக்கவில்லை.

சண்டை முடிந்து லாஞ்சி திரும்பி வந்தது,
கூடவே ஒரு காகிதம்:
எஞ்சின் நம்பத்தக்கதல்ல என்பதால்
நஷ்டஈட்டில் எழுநூற்றைம்பது ரூபாய் பிடித்தம்.
மரைக்காயர் கண்ணாடியைக் கழற்றினார்.
“தனகோடி, நம்ம எஞ்சின் என்னைக்காவது நின்னிருக்கா?”
“ஒரு தடவை, மொதலாளி.”
அவர் மேலே கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

சாம்பலைச் சுரண்ட ஒரு வாரம் ஆனது.
நம்பர் போனது, பேரில் பாதியும் கூடவே உரிந்தது.

கள்ளுக்கடையில் அஞ்சாப்புலி இன்றும் சொல்கிறான்:
“வெள்ளைக்காரன் கப்பலே என்னைப் புடிக்க முடியல,
நடுக்கடல்ல நின்னுபோச்சு.
எங்க மச்சான் ஓட்டுற லட்சணம் அப்படி.”
எல்லாரும் சிரிக்கிறார்கள்.
நானும்தான்.
அவன் கலயத்துக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டு
எழுந்து வருகிறேன்.